ஒரு பிள்ளை, மூன்று ஸ்ட்ரோலர்

ஒரே ஒரு பிள்ளைக்கு மூன்று ஸ்ட்ரோலர், அதாவது பிள்ளையை உட்காரவைத்துத் தள்ளுகிற மடக்கு வண்டி, வாங்கியவள் நான். முதலாவது 629 வெள்ளி (சிங்கப்பூர் டாலரை இங்கே அப்படித்தான் சொல்வோம்). இரண்டாவது 99 வெள்ளி. மூன்றாவது வேறொரு வீட்டில் ஓடி முடித்தது, 250 வெள்ளி. கூட்டினால் 978. முதலாவதை 180 வெள்ளிக்கு விற்றேன் என்று மனத்தைத் தேற்றிக்கொண்டாலும், 250 வெள்ளியில் முடிய வேண்டிய காரியத்துக்கு மேற்கொண்டு 550 வெள்ளி போனது போனதுதான். எங்கள் வீட்டுக் கணக்கில் அது மூன்று மாத டயப்பரும் பால்மாவும். காசையாவது மறந்துவிடலாம். திருச்சி விமான நிலையத்தில் 13 மாதப் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு உடைந்த வண்டிக்கு முன்னால் நின்றேனே, அந்த ஒரு மணி நேரத்தை மறக்க முடியவில்லை. யாராவது ஒரு அக்கா முன்னாடியே உட்காரவைத்து நாலு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா என்று அன்றைக்கு நினைத்தேன். எனக்கு அப்படி யாரும் வாய்க்கவில்லை. உங்களுக்கு நான் சொல்லிவிடுகிறேன்.

ஏழு மாதக் கர்ப்பத்தில், சிங்கப்பூர் எக்ஸ்போ கண்காட்சி மண்டபத்தில் நடந்த ஒரு குழந்தைப் பொருள் விற்பனைக்கு நானும் என் கணவரும் போனோம். கால் வீங்கியிருந்தது, ஏசி குளிர் இதமாக இருந்தது, விற்பனைப் பெண் நன்றாகப் பேசினாள். பிறந்த குழந்தையைப் படுக்கவைக்கத் தொட்டில், பிறகு இருக்கை, பெரிய பெரிய சக்கரம், காபி வைக்க இடம். அவள் ஒற்றை விரலால் தள்ளிக் காட்டினாள், வழவழ தரையில் வண்டி வழுக்கிக்கொண்டு போனது. 'நம்ம பிள்ளைக்கு நல்லதா வாங்குவோம்' என்றார் அவர். எடை என்ன என்று நாங்கள் இருவருமே கேட்கவில்லை. வீட்டுக்கு வந்து பார்த்தால் 12 கிலோவுக்கு மேல். ஈசூனில் எங்களுடையது நாலறை வீடு. வண்டியை வாசலில் விட முடியாது, தாழ்வாரத்தில் 1.2 மீட்டர் நடைவழி விட வேண்டும் என்பது தீயணைப்பு விதி. ஆகவே அது வரவேற்பறையில் சோபாவுக்கும் டிவிக்கும் நடுவில் ஒரு விருந்தாளி மாதிரி உட்கார்ந்தது. இரவில் தண்ணீர் குடிக்க எழுந்தால் முழங்காலில் இடிக்கும்.

பாப்பாவின் 6 மாதத் தடுப்பூசிக்காகப் பலதுறை மருந்தகத்துக்குப் போன நாள்தான் எனக்கு முதல் பாடம். அவருக்கு வேலை ஷிஃப்ட் முறை, அன்று பகல் ஷிஃப்ட். நான் தனியாகத்தான் பேருந்தில் ஏறினேன். சிங்கப்பூரில் 2017 ஏப்ரலிலிருந்து ஸ்ட்ரோலரை மடிக்காமலே பொதுப் பேருந்தில் ஏற்றலாம், சக்கர நாற்காலிக்கான இடத்தில் நிறுத்திக்கொள்ளலாம். அது எனக்குத் தெரியும், அந்தத் தைரியத்தில்தான் போனேன். ஆனால் சக்கர நாற்காலியில் யாராவது வந்தால் இடம் அவர்களுக்குத்தான் முதலில். இரண்டாவது நிறுத்தத்தில் ஒரு முதியவர் சக்கர நாற்காலியில் காத்திருந்தார். ஓட்டுநர் எழுந்து வந்து சாய்தளத்தை இறக்கிவிட்டு என்னைப் பார்த்தார். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். பாப்பாவைத் தூக்கினால் வண்டியை மடிக்க முடியாது. வண்டியை மடிக்க வேண்டுமானால் பாப்பாவை எங்கே வைப்பது? அந்த வண்டி இருக்கையைத் தனியே கழற்றிய பிறகுதான் மடியும். பக்கத்திலிருந்த சீன ஆன்ட்டி ஒருவர் கையை நீட்டி, 'நெவர் மைண்ட், ஐ ஹோல்ட் பேபி' என்றார். முன்பின் தெரியாதவர் கையில் பிள்ளையைக் கொடுத்துவிட்டு, வியர்த்து ஒழுக, மொத்தப் பேருந்தும் காத்திருக்க, அந்த வண்டியோடு மல்லுக்கட்டினேன். அந்த முதியவர் என்னைப் பார்த்து, மன்னிப்புக் கேட்பது போல, சிரித்தார். அதுதான் என்னால் தாங்க முடியவில்லை. தப்பு அவர் மேல் எங்கே இருக்கிறது?

அதற்குப் பிறகு டாக்சிதான். இங்கே 1.35 மீட்டருக்குக் குறைந்த பிள்ளைகளுக்குக் காரில் குழந்தை இருக்கை கட்டாயம். டாக்சிக்கு விலக்கு உண்டு, செயலியில் கூப்பிடுகிற தனியார் வாடகைக் காருக்கு இல்லை. விஷயம் தெரியாமல் பதிவு செய்துவிட்டு, வந்த காரை இரண்டு முறை திருப்பி அனுப்பியிருக்கிறேன். டாக்சியிலும் அந்த வண்டியைப் பின்பெட்டியில் தூக்கிப் போடுவதற்குள் முதுகு போய்விடும். சிசேரியன் ஆன உடம்பு. ஒருநாள் தூக்கிவிட்டு நிமிர்ந்தபோது தையல் போட்ட இடத்தில் சுருக்கென்று இழுத்தது. அன்றைக்கே எடை குறைந்த பயண ஸ்ட்ரோலர் ஒன்று வாங்குவதென்று முடிவு செய்தேன்.

முடிவு சரி. வாங்கிய விதம்தான் தப்பு. இணையத்தில் தேடினேன். '5.2 கிலோ, ஒரே கையால் மடிக்கலாம், விமானத்துக்குள் எடுத்துப் போகலாம்', விலை 99 வெள்ளி. படத்தில் ஒரு வெள்ளைக்காரப் பெண் அதைக் கைப்பை போலத் தோளில் மாட்டிக்கொண்டு சிரித்தாள். நானும் அப்படிச் சிரிக்கலாம் என்று வாங்கிவிட்டேன். அப்போது பாப்பாவுக்கு 9 மாதம்.

பெட்டி வந்ததும் அவர் ஒரு வேலை செய்தார், நீங்களும் செய்யுங்கள். எடை மிஷினில் முதலில் தான் மட்டும் ஏறினார், பிறகு ஸ்ட்ரோலரைக் கையில் பிடித்துக்கொண்டு ஏறினார். வித்தியாசம் 6.4 கிலோ. பெட்டியில் போட்டிருந்த 5.2 வெறும் சட்டமும் இருக்கைத் துணியும். வெயில் மறைப்பு, முன்கம்பி, கீழ்க்கூடை எல்லாம் மாட்டினால் ஒரு கிலோவுக்கு மேல் ஏறுகிறது. அதில் டயப்பர் பையையும் போட்டுப் பாருங்கள். ஆகவே எடையைப் பார்க்கும்போது நீங்கள் நிஜமாக வெளியே கொண்டுபோகிற கோலத்தில் என்ன எடை என்று பாருங்கள். மடித்த அளவிலும் இதே கதை. விளம்பரத்தில் சொன்ன அளவு சட்டத்தை மட்டும் அளந்தது. டேப் வைத்து அளந்தால் பின்சக்கரம் இரண்டு பக்கமும் பிதுங்கி, 58க்கு 46க்கு 26 சென்டிமீட்டர் வந்தது.

'ஒரே கையால் மடிக்கலாம்' என்பதைப் பற்றி எனக்குப் பெரிய கோபமே உண்டு. ஒரே கைதான், ஆனால் ஒரு காலும் வேண்டும், அந்தக் கால் ஒரு கம்பியை மிதித்துக்கொண்டிருக்கும்போது இன்னொரு கால் வண்டி நகராமல் முட்டுக்கொடுக்க வேண்டும், கடைசியில் கொக்கி மாட்ட அடுத்த கையும் வேண்டும். நம் நிலைமை என்ன? இடது இடுப்பில் பிள்ளை, தோளில் பை, மிச்சம் இருப்பது ஒரு கை, செருப்புப் போட்ட கால். விற்பவர்கள் மடித்துக் காட்டும்போது அவர்கள் கையில் பிள்ளை இல்லை. ஆகவே கடைக்குப் போனால் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு மடித்துப் பாருங்கள். இன்னும் பிறக்கவில்லை என்றால் 5 கிலோ அரிசிப் பையைத் தூக்கிக்கொண்டு போங்கள். சிரிப்பார்கள், சிரிக்கட்டும். மடித்ததும் அது தானாக நிற்கிறதா, சாய்ந்து விழுகிறதா என்றும் பாருங்கள். பேருந்தில் அதைப் பிடித்துக்கொண்டே நிற்க உங்களிடம் மூன்றாவது கை இல்லை. பிரேக்கையும் செருப்புக் காலோடு சோதிக்க வேண்டும். என்னுடையதில் பிரேக்கை விடுவிக்க விரலால் மேலே நெம்ப வேண்டும். இந்த ஊரில் வருடம் முழுக்கச் செருப்புதானே, பெருவிரல் நகத்தின் ஓரம் கறுத்தே போய்விட்டது.

ஒரு சனிக்கிழமை அதைத் தேக்கா சந்தைக்கு ஓட்டிக்கொண்டு போனேன். ஈசூனில் ரயில் ஏறி தோபி காட்டில் மாறினால் அடுத்த நிறுத்தமே லிட்டில் இந்தியா, பெரிய தூரம் இல்லை. ஆனால் ஸ்ட்ரோலரோடு மின்படிக்கட்டில் போகக் கூடாது, மின்தூக்கிதான். அதைத் தேடிப் போய், வரிசையில் நின்று, ஒரு முறை நிரம்பி வழிந்து அடுத்ததற்குக் காத்திருந்து, இறங்கி, மறுபடி அடுத்த மின்தூக்கி. மற்றவர்கள் ஐந்து நிமிடத்தில் மாறுவதற்கு எனக்கு இருபது நிமிடம். அதுகூடப் பரவாயில்லை. சிராங்கூன் ரோட்டு அஞ்சடி வந்ததும் ஆரம்பித்தது கூத்து. அஞ்சடி தெரியுமல்லவா, பழைய கடைவீடுகளுக்கு முன்னால் ஐந்தடி அகலத்துக்குக் கூரை போட்ட நடைவழி. பூக்கடைக்கும் அடுத்த நகைக்கடைக்கும் தரைமட்டம் ஒரே மாதிரி இருக்காது. ஒரு படி ஏறும், நாலடி போனால் ஒரு படி இறங்கும். நடுவில் கடைக்காரர் வைத்த பெட்டி, மாலை கட்டுகிறவரின் வாளி. சின்னக் கெட்டிப் பிளாஸ்டிக் சக்கரம் ஒவ்வொரு படியிலும் முட்டி நிற்க, பாப்பாவின் தலை முன்னுக்குப் போய் வந்தது. சாலைக்கு இறங்கினால் சாக்கடை மேல் போட்ட கம்பி மூடியின் இடுக்கில் முன்சக்கரம் கச்சிதமாக இறங்கிவிட்டது. அளவெடுத்துச் செய்தாற்போல!

அன்றைக்கு அத்துடன் முடியவில்லை. ஆட்டிறைச்சி, முருங்கைக்காய், ஒரு முழுத் தேங்காய், பத்து முட்டை, எல்லாவற்றையும் இரண்டு பையில் போட்டுக் கைப்பிடியில் மாட்டியிருந்தேன். எல்லாரும் மாட்டுகிறார்களே. பாப்பா அழுதாள் என்று வாரைக் கழற்றித் தூக்கினேன். அடுத்த நொடி, வண்டி மல்லாக்கப் பின்னால் சாய்ந்தது. பிள்ளையின் பாரம்தான் அதுவரை முன்பக்கத்தைத் தரையோடு பிடித்துவைத்திருந்தது என்று எனக்கு உறைக்கவே இல்லை. முட்டை அத்தனையும் சளக்கென்று உடைந்து, மஞ்சள் வழிந்து, தேங்காய் உருண்டு சாலை ஓரம் வரை போனது. ஊழியர் ஒருவர் ஓடிப் போய் எடுத்துவந்து கொடுத்தார், 'பிள்ளை உள்ள இல்லியே, அது போதும்கா' என்றார். கை நடுங்கிக்கொண்டிருந்தது எனக்கு. எடை குறைந்த ஸ்ட்ரோலரில் இது பெரிய ஆபத்து. வண்டி எவ்வளவு லேசோ அவ்வளவு சீக்கிரம் கவிழும். கைப்பிடியில் எதையும் மாட்டாதீர்கள். சந்தைக்குப் போவதுதான் உங்கள் முக்கியமான வேலை என்றால், கீழ்க்கூடை எவ்வளவு பெரிது, எத்தனை கிலோ தாங்கும் என்பதை மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் கேளுங்கள்.

இன்னும் இரண்டு குறை சொல்லிவிட்டுப் பயணத்துக்கு வருகிறேன். சாய்வு: முதுகுப் பக்கம் கொஞ்சம்தான் சாய்ந்தது, பாப்பா தூங்கினால் தாடை நெஞ்சில் முட்டும். 9 மாதத்தில், கழுத்து நின்று தானாக உட்கார்கிற பிள்ளை என்பதால் சமாளித்தேன். ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு முழுக்கப் படுக்கிற இருக்கை இல்லாத வண்டி வேண்டவே வேண்டாம். தலை முன்னால் கவிழ்ந்தால் மூச்சு அடைபடும். அடுத்தது வெயிலும் மழையும். இங்கே பகலில் 32 டிகிரி என்பது சாதாரணம். வெயில் படக் கூடாது என்று வண்டி மேல் துணி போர்த்துவார்கள், நானும் செய்தேன். ஒருநாள் கையை உள்ளே விட்டுப் பார்த்தால் இட்லிப் பானை போல இருந்தது. காற்று போக வழியில்லாமல் மூடக் கூடாது, முதுகுப்பக்கம் வலைத்துணி வைத்த இருக்கையும் நீளமான மறைப்பும்தான் தேவை. மழையில் நனைந்த வண்டியை ஒருமுறை அப்படியே மடித்துக் கதவுக்குப் பின்னால் வைத்துவிட்டேன், ஐந்து நாளில் கறுப்புக் கறுப்பாகப் பூஞ்சை. துணி கழற்ற வராத மாடல். அதனால் துணியைக் கழற்றித் துவைக்க முடியுமா என்று கேட்டு வாங்குங்கள்.

தம்பிக்குப் புதுக்கோட்டையில் கல்யாணம். அவருக்கு விடுப்பு கிடைக்கவில்லை. நானும் பாப்பாவும் மட்டும். விமானத்துக்குள் எடுத்துப் போகலாம் என்றுதானே எழுதியிருந்தது, அதை நம்பி சாங்கி விமான நிலையத்துக்குப் போனேன். செக்-இன் கவுன்ட்டரில் அளவுச் சட்டத்தில் வைக்கச் சொன்னார்கள், நுழையவில்லை. கேட் வரைக்கும் ஓட்டிப் போகலாம், அங்கே கொடுத்துவிட வேண்டும் என்று ஒரு சீட்டைக் கட்டினார்கள். 'கேபின் சைஸ்' என்று பொதுவாக ஒரு அளவே கிடையாது என்பது எனக்கு அப்புறம்தான் தெரிந்தது. ஒவ்வொரு விமான நிறுவனத்துக்கும் ஒரு கணக்கு. நான் பார்த்தபோது சிங்கப்பூர் ஏர்லைன்சில் எகானமி கைப்பைக்கு மூன்று பக்கமும் சேர்த்து 115 சென்டிமீட்டர், 7 கிலோ. ஸ்கூட்டில் 54, 38, 23 சென்டிமீட்டர், 10 கிலோ. பிரபலமான யோயோ ஸ்ட்ரோலர் மடித்தால் 52, 44, 18, எடை 6.2 கிலோ. கூட்டினால் 114, முதல் கணக்கில் மயிரிழையில் தேறும். இரண்டாவதில் 44 எப்படி 38க்குள் போகும்? பாக்கிட் என்ற ஒன்று இருக்கிறது, 2014இல் மிகச் சிறிதாக மடிகிற ஸ்ட்ரோலர் என்று கின்னஸ் சாதனை செய்தது, மடித்தால் 30, 18, 35தான். எல்லாவற்றிலும் நுழையும். ஆனால் அந்தச் சின்னச் சக்கரங்களை வைத்துக்கொண்டு நம் அஞ்சடியில் ஏறி இறங்க என்னால் ஆகாது. நீங்கள் அடிக்கடி போகிற விமான நிறுவனத்தின் அளவை முதலில் எழுதிக்கொண்டு, பிறகு கடைக்குப் போங்கள். ஸ்ட்ரோலருக்குத் தனி விதி வைத்திருக்கிறார்களா என்றும் கேட்டுவிடுங்கள். அளவுக்குள் இருந்தாலும் இருக்கைக்கு மேலே இடமில்லை என்றால் வாங்கிக்கொள்வார்கள்.

நான் போன முனையத்தில் பாதுகாப்புச் சோதனை கேட் வாசலில்தான். அங்கே ஸ்ட்ரோலரும் மடிந்து எக்ஸ்ரே பெட்டிக்குள் போக வேண்டும். பிள்ளையைக் கையில் வைத்துக்கொள்ள வேண்டும். கூடையில் இருந்ததை எல்லாம் தட்டில் எடுத்து வைக்க வேண்டும். பின்னால் வரிசை. மடித்தேன், அந்தப் பக்கம் போய் விரித்தேன், பத்தே நிமிடத்தில் போர்டிங் அழைப்பு, மறுபடி மடித்தேன். இரண்டாவது முறை அவசரத்தில் கொக்கி சரியாக மாட்டியதா என்றுகூடப் பார்க்கவில்லை. பாப்பாவைக் கட்டிக்கொள்கிற கேரியர் துணி ஒன்று வீட்டில் சும்மா கிடந்தது. அதை ஏன் எடுத்து வரவில்லை என்று என்னையே திட்டிக்கொண்டேன். தனியாகப் போகிறவர்களுக்குச் சொல்கிறேன், ஸ்ட்ரோலர் இருந்தாலும் கேரியரைக் கட்டிக்கொண்டே போங்கள். இரண்டு கையும் திரும்பக் கிடைக்கும்.

நாலு மணி நேரத்துக்கு மேல் மடியில் வைத்திருந்து திருச்சியில் இறங்கினால், விமான வாசலில் வண்டி தரவில்லை. பெல்ட்டில் வரும் என்றார்கள். பாப்பா தூக்கக் கலக்கத்தில் தோளில், பத்து கிலோ. குடிநுழைவு வரிசை முடிந்து பெல்ட் அருகே போய் நின்றேன். பெட்டிகள் வந்தன, அட்டைப் பெட்டிகள் வந்தன, யாரோ வாங்கிவந்த டிவி வந்தது, வண்டி வரவில்லை. ஏறக்குறைய ஐம்பது நிமிடம் கழித்து, கடைசியில், கடைசியிலும் கடைசியாக, வண்டி வந்தது. கொக்கி பிய்ந்து பாதி விரிந்து, முன்சக்கரம் ஒன்று உள்பக்கமாகக் கோணி, ஏதோ அடிபட்ட கோழி மாதிரி. விரித்து வைத்தால் நிற்கவில்லை. பாப்பா எழுந்து அழ ஆரம்பித்தாள். நானும்தான் அழுதேன், சொல்வதற்கு என்ன வெட்கம். வெளியே தம்பி காத்திருக்கிறான், போன் மேல் போன். வண்டியை ட்ராலி மேல் சாத்திக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

அதுதான் நான் செய்த பெரிய தவறு. ஊர் போய், கல்யாணம் முடிந்து, 12 நாள் கழித்து விமான நிறுவனத்துக்குப் படத்தோடு எழுதினேன். காலம் கடந்துவிட்டது என்று மரியாதையாகப் பதில் வந்தது. சர்வதேசப் பயணத்துக்கான மான்ட்ரியல் ஒப்பந்தப்படி, ஒப்படைத்த சாமான் சேதமானால் கையில் வாங்கிய 7 நாளுக்குள் எழுத்துமூலம் புகார் கொடுக்க வேண்டும். அதைவிட நல்லது, பெல்ட் பக்கத்தில் இருக்கிற கவுன்ட்டரிலேயே பிஐஆர் என்ற சேத அறிக்கையைப் போட்டுவிட்டு வெளியே வருவது. பிள்ளை அழுதாலும் பத்து நிமிடம் அழட்டும். கேட்டில் கொடுக்கும் முன் நாலு பக்கமும் போனில் படம் எடுங்கள். வெயில் மறைப்பு, முன்கம்பி, கோப்பை மாட்டி என்று கழல்கிறதை எல்லாம் கழற்றிக் கைப்பையில் வையுங்கள். உறை ஒன்றில் போட்டு, கொக்கி மாட்டியிருந்தாலும் சுற்றிலும் ஒரு பட்டை கட்டிவிடுங்கள். கேட்டில் ஏதாவது சீட்டில் கையெழுத்துக் கேட்டால் படித்துவிட்டுப் போடுங்கள். சேதத்துக்குப் பொறுப்பில்லை என்று அதிலே சின்ன எழுத்தில் இருக்கும்.

புதுக்கோட்டையில் அந்த உடைந்த வண்டியைப் பார்த்து அப்பத்தா கேட்டது, 'இடுப்பு எதுக்கு ஆத்தா இருக்கு?' அங்கே அவ்வளவுதான் விஷயம். பாப்பா பத்து நாளும் தரையில் இறங்கவே இல்லை. பெரியம்மா கையிலிருந்து சித்தி கைக்கு, சித்தி கையிலிருந்து பக்கத்து வீட்டுப் பெண் கைக்கு. தூக்கம் வந்தால் உத்தரத்தில் பழைய சேலைத் தூளி. மண்டபத்துக்கு முன்னால் மணல், தெருவில் கல், எந்த ஸ்ட்ரோலரும் அங்கே ஓடாது. தூளியை ஆட்டிக்கொண்டே ஒரு மத்தியானம் யோசித்தேன். ஊரில் பிள்ளைக்குப் பத்துப் பேர் கை. ஈசூனில் பகலெல்லாம் என் இரண்டு கை. அந்த மற்றக் கைகளுக்குப் பதிலாகத்தான் நான் ஒரு வண்டி வாங்கப் போயிருக்கிறேன். அப்படியானால் அது எவ்வளவு லேசு, எவ்வளவு அழகு என்பதைவிட, நான் ஒற்றை ஆளாக இருக்கும்போது என்ன செய்யும் என்றுதானே பார்த்திருக்க வேண்டும்?

திரும்பி வந்து மூன்றாவதைத் தேடினேன். இந்தத் தடவை அவசரப்படவில்லை, மூன்று வாரம். ஒரு வாரம் எங்கெங்கே போகிறேன் என்று காலண்டரில் குறித்தேன்: பேருந்து ஒன்பது முறை, ரயில் நாலு, தேக்கா ஒன்று, டாக்சி ஒன்று. விமானம் வருடத்துக்கு ஒரு தடவை. வருடத்தில் ஒரு நாளுக்காக மற்ற நாளெல்லாம் கஷ்டப்படக் கூடாது என்று அப்போதுதான் தெளிவானது. விமானத்துக்குள் நுழைந்தாக வேண்டும் என்ற நிபந்தனையை விட்டேன், உடனே தேர்வு விரிந்தது. குடை மாதிரி நீளவாக்கில் மடிகிற பழைய வகையைக்கூடப் பார்த்தேன். 1965இல் ஓவன் மெக்லாரன் என்ற பிரிட்டிஷ் பொறியாளர் கண்டுபிடித்தது அது. போர் விமானத்துக்குச் சக்கர அமைப்பு வடிவமைத்த மனிதர், பேத்தியை வைத்துக்கொண்டு மகள் பட்ட பாட்டைப் பார்த்துச் செய்தார் என்பார்கள். பேருந்தில் ஒடுக்கமாக நிற்கும், படியில் தூக்க எளிது. ஆனால் கைப்பிடி இரண்டாகப் பிரிந்திருப்பதால் ஒற்றைக் கையால் தள்ளினால் ஒரு பக்கமாக இழுக்கிறது. எனக்கு மறு கையில் எப்போதும் ஏதாவது இருக்கும். வேண்டாம் என்று விட்டேன்.

கடைசியில் பழைய பொருள் விற்கிற கரோசெல் செயலியில், செங்காங் வட்டாரத்தில் ஒரு பெண்மணி 7 கிலோ வண்டி ஒன்றை 250 வெள்ளிக்குப் போட்டிருந்தார். முக்கால் பங்கு சாய்கிற இருக்கை, ஒற்றைக் கைப்பிடி, ரப்பர் சக்கரம். தனியாளிடம் வாங்கினால், பழுதான பொருளுக்கு விற்றவரைப் பொறுப்பாக்குகிற லெமன் சட்டம் இங்கே உதவாது. 2012 செப்டம்பரிலிருந்து இருக்கிற அந்தப் பாதுகாப்பு கடைகளில் வாங்குவதற்குத்தான். அங்கே ஆறு மாதத்துக்குள் பழுது தெரிந்தால், விற்றபோதே இருந்த பழுது என்று எடுத்துக்கொள்வார்கள். ஆகவே பார்க்க வேண்டியதை எல்லாம் வாங்குமுன்னே பார்த்தேன். அவர் புளோக்கின் கீழ்த்தளத்தில் பாப்பாவை உட்காரவைத்து, ஒரு கையால் எட்டு போல் வளைத்து ஓட்டினேன். சாக்கடை மூடியைத் தேடிப் போய் அதன் மேல் ஏற்றினேன். சாய்தளத்தில் பிரேக் போட்டுக் கையை எடுத்தேன். மண்டியிட்டு அடியில் பார்த்து, சக்கர அச்சில் முடி சுற்றியிருக்கிறதா, ஆணி ஆடுகிறதா, மடிகிற மூட்டில் பிள்ளை விரல் நுழையும் இடுக்கு இருக்கிறதா என்று தடவினேன். ஐந்து முனை வாரை நாலு முறை மாட்டிக் கழற்றினேன். சட்டத்தில் ஈஎன் 1888 என்ற ஐரோப்பியத் தர எண்ணும், 22 கிலோ வரை என்றும் இருந்தது. 15 கிலோ என்றால் மூன்று வயதில் முடிந்துவிடும். மாடல் எண்ணைப் போட்டு, திரும்பப் பெறச் சொல்லி ஏதாவது அறிவிப்பு உண்டா என்று அங்கேயே நின்று தேடினேன். கடைசியில் பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு மடித்தேன். மடிந்தது. தானாக நின்றது. அந்தப் பெண்மணி முக்கால் மணி நேரமாக என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். 'நீங்க இன்ஸ்பெக்டரா?' என்று கேட்டார்.

குறையில்லாத வண்டி என்று சொல்ல மாட்டேன். என் கணவர் உயரத்துக்குக் கைப்பிடி தாழ்வு, பத்து நிமிடம் தள்ளினால் முதுகைப் பிடித்துக்கொள்கிறார். அஞ்சடியில் இப்போதும் முன்சக்கரத்தைத் தூக்கித்தான் ஏற்ற வேண்டும். ஆனால் போன வாரம் பேருந்தில் ஒருவர் சக்கர நாற்காலியில் வந்தபோது, ஓட்டுநர் சாய்தளத்தை இறக்கும் முன்பே மடித்து ஓரமாக நிறுத்திவிட்டேன். யாரும் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

99 வெள்ளி வண்டி இன்னும் வீட்டில் இருக்கிறது. கோணிய சக்கரத்தை அவர் நெம்பி நிமிர்த்தி, கொக்கிக்குப் பதில் சேலைக் கரையைக் கிழித்துக் கட்டியிருக்கிறார். ஆள் ஏறக் கூடாது. பாப்பாவுக்கு இப்போது 2 வயது 2 மாதம். நல்ல வண்டியில் உட்கார மாட்டேன் என்கிறாள், தானே தள்ளுவாளாம். சனிக்கிழமை தேக்காவில் அவள் முன்னால் தள்ளிக்கொண்டு போகிறாள், நான் பின்னால் பையைச் சுமந்துகொண்டு போகிறேன். அவள் இருக்கையில் ஒரு தேங்காய் வருகிறது. வாரை மாட்டினால்தான் ஓரடி நகர்வாள்.